‘சமர்ப்பி’யை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை

எங்களிடம் வந்தது வேறொரு குழு கட்டிய விண்ணப்பத் தளம். பார்வையற்றவர்களால் படிவத்தை முடிக்க முடியவில்லை என்று புகார் மேல் புகார். கூடவே வாடிக்கையாளர் ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார். ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் மூலையில் ஒரு பட்டன் வருமாம், எழுத்தைப் பெரிதாக்குமாம், நிறத்தை மாற்றுமாம், அது போதாதா? போதாது. அந்த வசதியெல்லாம் தேவைப்படுபவரின் கணினியிலேயே இருக்கிறது. உள்ளே கோட் கோணலாக இருந்தால் மேலே ஒட்டும் பட்டன் அதை நிமிர்த்தாது. இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் லைட்ஹவுஸ், ஆக்ஸ் என்ற இரண்டு தானியங்கிச் சோதனைக் கருவிகளையும் ஓட்டினோம். ஆல்ட் (படத்தை விவரிக்கும் எழுத்து) இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், வெளிறிய எழுத்து எல்லாம் வரிசையாக மாட்டின. எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் கட்டுவதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். வெள்ளையின் மேல் #777777 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் தோற்கும், #767676 தேறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்! நாங்கள் விளிம்பில் நிற்காமல் நன்றாகவே கருக்கிவிட்டோம். வடிவமைப்பாளர் முகம் சுளித்தார், அவ்வளவுதான். லைட்ஹவுஸில் 100-க்கு 100 வந்தது. படிவத்தை மட்டும் அப்போதும் முடிக்க முடியவில்லை.

அப்புறம் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் கீயோடு இறங்கினேன். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் வளையத்தை, அழகாக இல்லை என்று யாரோ தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அணைத்திருந்தார்கள். ‘அடுத்து’ என்பது பட்டனே இல்லை, பட்டன் வேஷம் போட்ட ஒரு டிவ், அதாவது வெறும் பெட்டி. டேப் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது. இப்படிப்பட்ட டிவ்வுக்கு ‘இது பட்டன்’ என்று சொல்லும் ரோல் கொடுத்து, டேப் அதில் நிற்க டேப்இன்டெக்ஸ் கொடுத்து, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனியாகக் கோட் எழுதலாம். அசல் பட்டனைப் போட்டால் இவ்வளவும் இலவசம். ஆக, வேலையில் பாதி யாரோ சிரமப்பட்டு எழுதியதை அழிப்பதுதான். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடருக்குக் குறிப்பு தரும் ஏரியா (ARIA) பண்புக்கூறுகளையும் கை போன போக்கில் தூவியிருந்தார்கள், அவற்றிலும் பெரும்பாலானவை போயின.

என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை ஓட்டியபோது இன்னொன்று தெரிந்தது. பக்கம் முழுக்கத் தமிழ், ஆனால் பக்கத்தின் மொழியைச் சொல்லும் குறியில் ‘en’, அதாவது ஆங்கிலம், என்று இருந்தது. ஆங்கிலக் குரல் வந்து நின்று தமிழை விழுங்கிவிட்டு, எண்களை மட்டும் வாசித்தது. அந்த இரண்டு எழுத்தை ‘ta’ என்று மாற்றியதும் படிவம் பேச ஆரம்பித்தது. இந்த ஒரு திருத்தத்தைத் தமிழ்த் தளம் வைத்திருக்கும் எல்லோரும் இன்றே பார்த்துவிடலாம்.

பிறகு, ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரைச் சோதிக்க அழைத்தோம். அவருக்கான கட்டணத்தைத் திட்டச் செலவிலேயே சேர்க்கச் சொல்லியிருந்தேன். இதைச் சேவையாகக் கேட்பது எனக்குப் பிடிக்காது. குரல் ஓடிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் மேலிருந்து கீழாக வாசிக்கவே இல்லை. எச் கீயைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவப் பார்த்தார். தலைப்பெல்லாம் வெறும் தடித்த எழுத்து என்பதால் தாவ இடமில்லை. ஒருவழியாக நிரப்பி ‘சமர்ப்பி’யை அழுத்தினார். அமைதி. மேலே சிவப்பில் ‘தவறான உள்ளீடு’ என்று வந்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது.

“போச்சா, போகலையா?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே பிழை காட்டும் பகுதியை முழுதாக மாற்றி எழுதினோம். இப்போது பிழை இருந்தால் ஃபோகஸ் நேராகப் பிழைப் பட்டியலுக்குப் போகிறது, எத்தனை பிழை என்று வாசிக்கிறது. ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்டத்துக்கான இணைப்பு. ‘தவறான உள்ளீடு’ போய், ‘மின்னஞ்சல் முகவரியில் @ குறி இல்லை’ என்று வந்தது. கட்டத்துக்குள் போனாலும் அதே வரி மறுபடி கேட்கும். பார்வை உள்ளவர்களுக்கும் இதுதான் வசதி என்பது சொல்லாமலே தெரியும்.

பிறந்த தேதிக்கு ஒரு நாள்காட்டி வைத்திருந்தார்கள். அம்புக்குறியை மாதம் மாதமாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். 1975-இல் பிறந்தவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் நேரம் முடிந்து தளமே வெளியே தள்ளிவிடும். நாள்காட்டியைத் தூக்கிவிட்டு நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டம் வைத்தோம். நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தரும் முறையை டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி ஏற்கிறது. அதையும் செய்தாயிற்று.

கடைசியில் வந்த ரசீதும் ஸ்கேன் செய்த படம் போன்ற ஒரு பிடிஎஃப், அதில் வாசிக்க ஒரு எழுத்தும் கிடையாது. அதைச் சாதாரண வலைப்பக்கமாக மாற்றினோம். விண்ணப்ப எண்ணை முதல் வரியில் வையுங்கள் என்று சோதித்துப் பார்த்தவர் சொன்னார், வைத்திருக்கிறோம்.