நேரு ஸ்டேடியத்துக்கு ஐ-லீக் கோப்பை வந்த வருஷம்

ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் 2018-19 சீசன் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நேராகக் கடைசி நாளுக்குத்தான் போவார்கள். 2019 மார்ச் 9, கோவையில் சென்னை சிட்டி, கோழிக்கோட்டில் கொல்கத்தா கிளப் ஈஸ்ட் பெங்கால், ஒரே நேரத்தில் இரண்டு மேட்ச், நடுவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். நானும் அந்த நாளுக்கு வரத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கோப்பை மார்ச் மாதத்தில் ஜெயித்தது இல்லை. நவம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று அடித்தோம், பொங்கல் சமயத்தில் கோவையிலும் அதே 2-1. கோப்பை அங்கேதான் கைக்கு வந்தது. ஏன் என்று கணக்கோடு பின்னால் சொல்கிறேன்.

கால்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சென்னை சிட்டி எஃப்சி 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய பழைய சென்னை கிளப். 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. அடுத்த சீசனிலேயே சொந்த மைதானத்தைக் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், அதனால் பெயரில் சென்னை இருந்தாலும் கத்தியது, கொடி பிடித்தது எல்லாம் கோவைக்காரர்கள். 2017-18-ல் 10 அணிகளில் எட்டாவது இடம். அதே அணிதான் அடுத்த வருஷம் சாம்பியன் ஆகப்போகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கிளப்புக்குள் இருந்தவர்களே நம்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். போதாததற்கு, அந்த எட்டாவது இடத்து அணியில் இருந்த ஆகச் சிறந்த ஆட்டக்காரர், கன்னியாகுமரி கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போய்விட்டார்.

சரி, அப்படியானால் என்னதான் மாறியது? கோச் அக்பர் நவாஸ். சிங்கப்பூர்க்காரர், அங்கே டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணிக்குக் கோச்சாக இருந்தவர். இங்கே வந்து அவர் செய்தது எளிதாகத் தெரியும், செய்வது கஷ்டம். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி நடு மைதானத்துக்கு அடிப்பதை நிறுத்தினார். பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாக, பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்து, அவன் அடுத்தவனுக்குக் கொடுத்து, எதிரணி மேலே ஏறி வந்ததும் அந்த இடைவெளியில் பந்தை நுழைப்பது. ஐ-லீக்கில் பல அணிகள் அப்போது நம்பியிருந்தது பலத்தையும் உயரத்தையும்தான், பந்தை மேலே அடி, ஓடிப் பிடி, அவ்வளவுதான். அதற்கு நடுவில் இவர்கள் மட்டும் தரையோடு தரையாக ஆடினார்கள். ஆரம்பத்தில் நம் டிஃபெண்டர்கள் தங்கள் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே பாஸ் போடும்போது கேலரியில் எனக்கு வயிற்றைக் கலக்கும். "அடிச்சு வெளிய தள்ளுடா" என்று நாலு பக்கமும் குரல் வரும். டிசம்பர் தாண்டியதும் அந்தக் குரல் நின்றுபோயிற்று, அதே பாஸுக்குக் கை தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கோச் தன் அணியை மாற்றுவது ஒரு பக்கம், ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண்ணையும் சேர்த்து மாற்றினாரே, அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஆட்டக்காரர்களில் முதல் பெயர் பெத்ரோ மான்ஸி. உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர். 2018 அக்டோபர் 26, சீசனின் முதல் மேட்ச், கோவையில் இந்தியன் ஆரோஸுக்கு எதிராக 4-1, அதில் மான்ஸி ஹாட்ரிக். அந்த ஒரு நாளிலேயே ஊர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல், சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21, இரண்டு பேரும் சேர்ந்து முதலிடம். மான்ஸி பெரிதாக ஓடித் திரிகிற ஆள் இல்லை. மேட்சில் பாதி நேரம் ஆள் எங்கே என்றே தெரியாது. பந்து வலது ஓரத்துக்குப் போகும், டிஃபெண்டர் ஒரு நொடி தலையைத் திருப்புவான், அந்த நொடிக்குள் இவர் அவனுக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். பந்தை நிறுத்துவது, திரும்புவது எல்லாம் பெரும்பாலும் கிடையாது, வந்த வேகத்திலேயே ஒரு தொடு, கோல். அவருக்குப் பந்து ஊட்டியவர் கேனரி தீவுகளிலிருந்து வந்த நெஸ்டர் கோர்டியோ. கூடவே சாண்ட்ரோ ரோட்ரிகஸ், பின்னால் ராபர்ட்டோ எஸ்லாவா. இந்த ஸ்பெயின் கூட்டத்தைப் பற்றி அப்போது ஒரு குறை சொல்லுவார்கள், வெளிநாட்டுக்காரன் ஜெயித்துக் கொடுத்த கோப்பை என்று. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எட்வின் சிட்னி வான்ஸ்பாலும், அஜித் குமாரும், ரொமாரியோ ஜேசுராஜும் வாரா வாரம் அந்தப் பாஸிங் ஆட்டத்தில் ஓர் இழை விடாமல் கூடவே ஓடினார்கள். நாட்டின் இன்னொரு பெரிய லீக்கான ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) இடம் கிடைக்காத பையன்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள். எட்வின் அடுத்த வருஷமே சென்னையின் எஃப்சிக்குப் போனார், ரொமாரியோ பின்னால் கோவாவுக்கு ஆடினார். திறமை அவர்களிடம் இல்லாமல் இருந்ததில்லை, ஆடிக் காட்ட ஒரு மேடை இல்லாமல் இருந்தது.

அந்த சீசனில் நம் அணியைத் தவிர இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ரியல் காஷ்மீர். ஸ்ரீநகரிலிருந்து இந்த லீக்குக்கு வந்த முதல் கிளப், ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ராபர்ட்சன் கோச். வந்த முதல் வருஷமே கோப்பைக்குப் போட்டியில் இருந்தார்கள், கடைசியில் மூன்றாவது இடம். பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு நான்கு நாளில் நடக்க வேண்டிய மேட்சுக்கு மினர்வா பஞ்சாப் ஸ்ரீநகர் போகவில்லை. ஈஸ்ட் பெங்கால் மேட்சை டெல்லிக்கு மாற்றினார்கள், அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அந்த மேட்ச் ஸ்ரீநகர் குளிரில், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்திருந்தால் முடிவு வேறாகக்கூட இருந்திருக்கலாம். ரியல் காஷ்மீர் பையன்கள் அந்த வருஷம் தாங்கியது ரொம்ப அதிகம். அவர்கள் சாம்பியன் ஆகியிருந்தாலும் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

டெல்லியில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த மறுநாள், மார்ச் 1, கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸுடன் நமக்கு மேட்ச். நம்மிடம் 40 புள்ளி. ஜெயித்தால் 43, ஈஸ்ட் பெங்கால் மீதி இரண்டு மேட்சையும் ஜெயித்தாலும் 42-தான் வரும், அன்றைக்கே கதை முடிந்திருக்கும். 2-3 என்று தோற்றோம். அடுத்து ஈஸ்ட் பெங்கால் இன்னொரு மேட்சையும் ஜெயித்து 39-க்கு வந்துவிட்டது. 2003-04-க்குப் பிறகு தேசிய லீக்கைத் தொடவே இல்லாத கிளப், கொல்கத்தாவில் பாதி ஊர் அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கடைசி மேட்ச் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன், நம்முடையது கோவையில் மினர்வா பஞ்சாபுடன். மினர்வா அப்போதைய நடப்பு சாம்பியன், அந்த வருஷம் ஒன்றும் சரியாகப் போகவில்லை என்றாலும் இழக்க எதுவும் இல்லாத அணி, அந்த மாதிரி அணிகளைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

மார்ச் 9. மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார், மினர்வா 1-0. ஸ்டேடியத்தில் அப்படி ஒரு நிசப்தம். கேலரி சிமெண்ட் படியில் எனக்கு முன்னால் இருந்த கல்லூரிப் பையன்கள் ஆளுக்கொரு போனில் கோழிக்கோடு மேட்சை வைத்திருந்தார்கள், அது திணறித் திணறி ஓடியது, ஒருத்தன் போனில் நிற்கும்போது இன்னொருத்தன் போனில் அரை நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருக்கும், எது நிஜம் என்று யாருக்கும் தெரியவில்லை. இடைவேளையில் கோவையில் 0-1, கோழிக்கோட்டில் 0-0. இப்போது முன்னே சொன்ன கணக்குக்கு வருகிறேன். அந்த நிமிடத்தில் இரண்டு அணிக்கும் 40 புள்ளி. ஐ-லீக்கில் புள்ளி சமமானால் இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடியதில் யார் மேல் என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு மேட்சும் நாம் ஜெயித்தது. அதாவது தோற்றுக்கொண்டிருக்கும்போதும் நாம்தான் சாம்பியன். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவருக்கு இதை விளக்கிச் சொன்னேன், "அப்போ நாம தோத்தாக்கூடப் பரவாயில்லையா தம்பி?" என்று கேட்டார். அங்கே ஒரு கோல் விழுந்தால் போச்சுங்க ஐயா என்றேன். அவர் அதற்குப் பிறகு மைதானத்தைவிடப் பையன்களின் போனைத்தான் அதிகம் பார்த்தார்.

56-வது நிமிடம் பெனால்டி, மான்ஸி போட்டார், 1-1. அப்புறம் ஒரு 10, 15 நிமிடத்துக்குள் எல்லாம் சேர்ந்து நடந்தது. கௌரவ் போரா என்கிற டிஃபெண்டர் 2-1 ஆக்கினார், அங்கே கோகுலத்துக்கு மார்கஸ் ஜோசப் கோல் அடித்தார் என்று போனிலிருந்து ஒரு கூச்சல். முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஒரு பெனால்டியில் சமன் செய்து, கடைசி ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது லால்டன்மாவியா ரால்டே மூலம் 2-1 என்று முன்னே போய்விட்டது. இப்போது அவர்களுக்கு 42. நாம் ஜெயித்தால் 43, டிரா ஆனால் 41. மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் கோப்பை கோழிக்கோட்டுக்குப் போய்விடும். என் வாழ்க்கையில் கால்பந்து பார்த்ததில் அந்த நிமிடங்களைப் போல நீளமானது வேறில்லை. மினர்வா பந்தை எடுத்து மேலே வரும் ஒவ்வொரு தடவையும் கேலரியில் மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள். ஸ்டாப்பேஜ் டைமில், 90 தாண்டி மூன்றாவது நிமிடம், மறுபடியும் அதே கௌரவ் போரா. 3-1. சீசன் முழுக்க மான்ஸியும் நெஸ்டரும் சாண்ட்ரோவும் கோல் போட்ட அணிக்குக் கடைசி நாளில் ஓர் அசாம் டிஃபெண்டர் இரண்டு கோல் போட்டுக் கோப்பையை முடித்துக் கொடுத்தார். பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும்தான்.

20 மேட்சில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுவே முதல் முறை. அதே சீசனில் ஐஎஸ்எல்லில் சென்னையின் எஃப்சி, முந்தைய வருஷ சாம்பியன், கடைசி இடத்தில் முடித்தது, அதைப் பற்றித்தான் தமிழில் அதிகம் பேசினார்கள். ஐ-லீக் மேட்ச் எல்லாமே டிவியில் வரவும் இல்லை, சீசன் நடுவில் ஒளிபரப்பும் மேட்சுகளைக் குறைத்துவிட்டார்கள். கோவைக்கு வெளியே ஒரு தமிழ் ரசிகன் இந்த அணியைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டால்கூடச் சில வாரம் வழியே இல்லை. ஓர் அணி நன்றாக ஆடினால் மட்டும் ஊருக்குள் போய்ச் சேராது, யாராவது காட்டவேண்டும். காட்டவில்லை.

அதற்கடுத்து நடந்தது எனக்கு எழுதப் பிடிக்காத பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-லேயே நாட்டின் முதன்மை லீக் ஐஎஸ்எல்தான் என்று முடிவாயிற்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும் அங்கே போயிற்று. அந்த இடத்தை ஐ-லீக் வழியாகப் பெற்ற கடைசி சாம்பியன் சென்னை சிட்டி. 2020 ஜனவரியில் பஹ்ரைன் போய் ரிஃபா கிளப்பிடம் தகுதிச்சுற்றில் 0-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அதே மாதம் மான்ஸி ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார், நெஸ்டர் அதற்கு முன்பே ஹைதராபாத் போயாயிற்று. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

இரண்டு லீக்குக்கும் நடுவில் தர வித்தியாசம் ரொம்ப அதிகம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் 2019 சூப்பர் கப்பைத்தான் காட்டுவேன், இரண்டு லீக் அணிகளும் மோதும் போட்டி அது. தங்கள் எதிர்காலம் என்ன என்று கேட்டு ஐ-லீக் கிளப்புகள் பல அந்தப் போட்டியில் ஆடாமல் விலகின, சென்னை சிட்டி போய் ஆடியது. புவனேஸ்வர், காலிறுதி, எதிரே பெங்களூரு எஃப்சி. மார்ச் 17-ல் ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கிய அணி, சுனில் சேத்ரி அணி, பணத்திலும் வசதியிலும் நமக்கு எட்டாத அணி. அவர்களுக்கு எதிராகவும் அதே ஆட்டம்தான், கோல்கீப்பரிலிருந்து சின்னச் சின்ன பாஸ். 2-1 என்று ஜெயித்தோம். அரையிறுதியில் கோவா நம்மை 3-0 என்று அடித்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த வருஷம் கோவா ஆடிய ஆட்டம் அப்படி, கடைசியில் சூப்பர் கப்பும் அவர்களுக்குத்தான் போயிற்று.