அண்ணாமலையில் அளவைக்கு அகப்படாதது

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நடக்கும்போது, முன்னும் பின்னும் வருபவர்களின் பேச்சு தானாகவே காதில் விழும். மலையின் மூலிகைக் காற்று நுரையீரலுக்கு நல்லது, பாறையில் காந்த சக்தி இருக்கிறது, வெறுங்காலுடன் நடந்தால் உள்ளங்கால் நரம்புகள் தூண்டப்படும் என்று ஆளுக்கொரு ‘அறிவியல் காரணம்’ வைத்திருக்கிறார்கள். ஆதாரம் கேட்டால் வாட்ஸ்அப்பில் வந்தது என்பார்கள். 14 கிலோமீட்டர் நடப்பது உடலுக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு ஊர் பைபாஸ் சாலையே போதும். ஈசனை அக்னி வடிவாகக் கண்ட தலத்துக்கு வந்த பிறகும், ஏதோ ஒரு கருவியில் முள் அசைந்தால்தான் நம் வழிபாட்டுக்கு மதிப்பு என்று பக்தர்களே ஒப்புக்கொண்டுவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம். பொருள்முதல்வாதத்தைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாத்திகர்கள் அல்லர்.

இம்முறை என்னுடன் வந்த அக்காள் மகன் மென்பொருள் துறையில் இருப்பவன். ராஜகோபுரத்தை வணங்கிவிட்டுக் கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டி, ரமணாசிரம வாசலுக்கு வந்தபோது, கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டி, “மாமா, இதயத் துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல் போகிறது” என்றான். எம லிங்கத்தின் முன் அவனருகில் ஒரு மூதாட்டி கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நீண்ட அந்த வரிசையில் ஒரு பெயரை மட்டும் அவரால் உடனே சொல்ல முடியவில்லை. சற்று நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு சொன்னார். அந்த நொடியில் அவர் கையிலும் ஒரு கடிகாரம் கட்டியிருந்தால் அது ஓர் எண்ணைக் காட்டியிருக்கும். அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பெயர் அவருக்கு யார் என்பது அதில் இருந்திருக்காது.

அறிவியலைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிரிவலம் வருகிறேன். அளக்கக் கூடியதை அளப்போம் என்பது அறிவியலின் ஒழுங்கு. அளக்க முடியாதது இல்லவே இல்லை என்பது அறிவியலின் முடிவன்று, அதன்மேல் நாம் ஏற்றி வைத்த ஒரு நம்பிக்கை. மான்ட்ரீல் நகரின் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து, மெல்லிய மின்னோட்டத்தால் அதன் பகுதிகளைத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் நோயாளியின் கை அசையும். அசைத்தது யார் என்று கேட்டால், நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள் என்று பதில் வரும். கையை அசைக்கும் இடத்தை மின்முனை கண்டுபிடித்துவிட்டது. ‘நான் அல்ல’ என்று விலகி நின்று சொன்னவரை அது தொடவில்லை.

அந்த ‘நான்’ யார் என்ற கேள்விதான் 1896ஆம் ஆண்டு மதுரையில், பின்னாளில் ரமண மகரிஷி ஆன பதினாறு வயது வேங்கடராமனைப் பற்றிக்கொண்டது. திடீரென வந்த மரண பயத்துக்கு அஞ்சி ஓடாமல், பிணம்போல் கிடந்து, உடல் செத்தால் சாவது எது என்று அந்தப் பையன் உள்ளுக்குள்ளேயே பார்த்தான். இதை நான் ஒரு சோதனை என்றே சொல்வேன்; ஆய்வுக்கூடமும் ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஒன்றாகிப்போன சோதனை. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சந்நிதிக்கு வந்து சேர்ந்தவர், பின்னர் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே, பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதும் தெரியாமல் அமர்ந்திருந்தார். பிற்காலத்தில் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி வந்து, நான்கு முறை அறுவை செய்தும் பயனின்றி, 1950 ஏப்ரல் 14 அன்று பகவான் ரமணர் சமாதியடைந்தார். கட்டியின் அளவு மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேதனைக்கு நடுவிலும் கடைசி நாள்வரை வந்தவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்த மனத்தின் அளவு எது?

மறுநாள் காலையில் ஆசிரமத்தின் பின்புறமாக மலையேறி, ஸ்கந்தாசிரமம் பார்த்துவிட்டு, ரமணர் முன்பு தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கு இறங்கினோம். உள்ளே நல்ல புழுக்கம். விரூபாட்ச தேவரின் சமாதியான விபூதி மேட்டுக்கு முன் ஏழெட்டுப் பேர் அசையாமல் இருந்தார்கள். இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் என் மருமகன். தன்னோடு தானாகப் பத்து நிமிடம் உட்கார அவனுக்கு யாரும், நான் உட்பட, சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால், “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்றுதானே கேட்கிறோம்! முதலில் நெளிந்தவன் பிறகு அமைதியானான். நான் எழுந்து வந்த பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கோயில் கோபுரங்கள் கீழே தெரியும் படிகளில் இறங்கும்போது அவனே பேச்சை எடுத்தான்: “முதலில் ஆபீஸ் நினைப்புதான் மாமா வந்தது. இந்த நினைப்பு யாருக்கு வருகிறது என்று பார்க்கச் சொல்லி எழுதியிருந்ததே, அப்படியும் பார்த்தேன். எனக்கு என்றுதான் பதில் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.”

நாங்கள் இருந்துவிட்டு வந்த அந்தக் குகையில்தான் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர், மௌனத்திலிருந்த ரமணரிடம் ‘நான் யார்’ என்ற இதே கேள்வியைக் கேட்டு, எழுத்தில் விடை பெற்றார். விடை கைக்கு வந்த பிறகும் பல ஆண்டுகள் அவர் அதோடு மல்லுக்கட்டி, இன்னும் கிட்டவில்லையே என்று பாட்டாகவே எழுதி அழுதிருக்கிறார் என்று அவனிடம் சொன்னேன்.