ஆச்சி வீட்டுக்குள் தங்கமாட்டாள்

பிப்ரவரி 11

நேற்று விடியற்காலையில் ஆச்சி போய்விட்டாள். 83 வயது. முற்றத்து வேப்பமரத்தடியில், அவளுடைய கயிற்றுக் கட்டிலில். பனி விழுகிறது, உள்ளே வந்து படு என்று அம்மா ராத்திரி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். "ஒனக்குக் குளுந்தா நீ கதவச் சாத்திக்கிட்டுப் படு" என்று பதில் வந்ததாம். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

இன்று மதியம் அடக்கம். வெளியூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பை நிறைய வெடி வாங்கி வந்திருந்தார். கொட்டுக்கும் சொல்லிவிட்டார். தெருப்பெண்கள் விடவில்லை. எங்கள் ஊர் கூந்தன்குளத்தில், வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி கிடையாது. மரத்துக்கு மரம் குஞ்சு இருக்கிற நேரத்தில் சாவுக்கா போடுவார்கள்? "கல்யாணச் சாவு, இப்படியா சத்தமில்லாமக் கொண்டுபோறது" என்று சித்தப்பாவுக்கு ஒரே மனத்தாங்கல். சங்கும் சேகண்டியும் மட்டும்தான். தெருமுனையில் பாடையை இறக்கி வைத்தபோது, மேலே நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிப்ரவரி 13

வாசலில் பந்தல், வெளியூர்ச் சொந்தங்கள். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழகாதவர்களுக்கு இந்த ஊர் சீசனில் கஷ்டம்தான். வேம்பு, புளி, பூவரசு என்று வீட்டு மரங்களிலேயே கூடு. முற்றமெல்லாம் எச்சம், அவ்வப்போது மேலிருந்து பாதி மீன் தொப்பென்று விழும். சின்ன வயதில் நானும் முகம் சுளித்திருக்கிறேன். "ஏட்டி, பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்காவ. நாலு மாசம் நாத்தம் பொறுத்துக்கிட மாட்டியா?" என்பாள் ஆச்சி.

மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் பெருகிவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. காலையில் கருப்பட்டிக் காப்பியோடு கரைக்குப் போனால் வெயில் ஏறியபிறகுதான் திரும்புவாள். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு வருவாள். எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடும், குறையாது. கொஞ்சம் பொய்யும் இருந்திருக்கும்.

வரித்தலை வாத்துகளைப் பற்றி நான்தான் படித்துச் சொன்னேன். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறவை. இங்கே கூடு கட்டுவதில்லை என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பம் இவுக பேறுகாலத்துக்கு வரல. விருந்தாளி. விருந்தாளிக்கு நெல்லு போடுறது தப்பில்ல." அந்த வாத்துகள் ராத்திரியில் வயலில் இறங்கி மேய்ந்ததைச் சொல்லித் தாத்தா கத்திக்கொண்டிருந்த வருஷம் அது.

பிப்ரவரி 16

2021-ல் ஆச்சியைச் சென்னைக்குக் கூட்டிப்போனது நான். மூன்றாம் மாடி. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாவது இருக்கட்டும் என்று திட்டம். பதினோரு நாள்தான் இருந்தாள். பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, தலையை வெளியே, காலை உள்ளே நீட்டிப் படுப்பாள். கொசு வருகிறது என்று ஒரு ராத்திரி நான் கதவைப் பூட்டிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிகிறவரை சோபாவில் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.

அதை நான் அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

பிப்ரவரி 20

பெட்டியைக் குடைந்ததில் நூறு நாள் வேலை அட்டை கிடைத்தது. வீட்டில் காசுக்குக் குறைவில்லாத காலத்திலும் அவள் மண்வெட்டியோடு போனதில் அப்பாவுக்கு அவமானம். அவளுக்கோ அது, வெளியில் சுற்ற அரசாங்கமே கூலி கொடுக்கிற ஏற்பாடு.

1994-ல் சரணாலயம் என்று அறிவித்தபோது, "நாம பாத்துக்கிட்டதுக்கு இப்பம் பேரு வச்சிருக்காவ" என்றாளாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஊர் சேர்ந்த செய்தியை நான் போனில் படித்துக் காட்டினேன். "ராம்சாரா? புதுக் கலெக்டரா?" ஈரானில் ஓர் ஊர், 1971-ல் அங்கேதான் நீர்நிலைகளைக் காக்க நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன என்று விளக்கினேன். "அங்கயும் கொளம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். ராம்சார் கடற்கரை ஊர் என்றேன். அதற்குமேல் அவளுக்கு ஆர்வமில்லை.

பிப்ரவரி 25

பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது வேம்பிலிருந்து ஒரு நாரைக்குஞ்சு விழுந்தது. பொசுபொசுவென்று வெள்ளை, கறுத்த அலகு. கால் ஒடியவில்லை. எல்லோரும் சுற்றி நின்றோம். இந்த மாதிரி நேரத்தில் ஆச்சி ஒரு கடகப்பெட்டியை எடுத்து வருவாள். அது எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுக்களை, மச்சு, தொழுவம் எல்லாம் தேடினோம். கடைசியில் அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, பழைய சேலைத்துணி விரித்தபடி.

வனத்துறை ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வருவதற்குள், வெடி வாங்கி வந்த அதே சித்தப்பா, வெள்ளை வேட்டியோடு பைக்கில் மூலைக்கரைப்பட்டி போய்க் குட்டிக் கெண்டை வாங்கி வந்தார். முதல் மீனைத் துப்பியது. அப்புறம் நாலு தின்றது. "பெரிசா நறுக்கிட்டோமோ?" என்று அவர் அம்மாவைக் கேட்டார்.