நாயும் லவ் பேர்ட்ஸும் ஒரே வீட்லயா?

பாலக்கோட்டுல எங்க வீட்ல கருப்பன்னு ஒரு சிப்பிப்பாறை கலப்பு நாய், வராண்டாவுல கூண்டு நிறைய லவ் பேர்ட்ஸ். எப்படிங்க ரெண்டையும் வச்சு சமாளிக்கிறீங்கன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, அதான் எழுதிடலாம்னு.

நாய் குருவி மேல பாயறது கோவத்துல இல்லங்க. சிப்பிப்பாறை காலங்காலமா முயல் வேட்டைக்கு வளத்த ஜாதி, கண்ணு முன்னாடி ஏதாச்சும் படபடன்னு அசைஞ்சா உடம்பு தானா கெளம்பிரும். "ரெண்டு போடுடா, அடங்கிரும்"னு எங்க சித்தப்பா சொல்லுவாரு, ஆனா அடிச்சா நாம நிக்கிற வரைக்கும்தான் சும்மா இருக்கும், அதோட கூண்டுகிட்ட போனாலே அடி விழுதுன்னு ஆயிட்டா அதுக்கு அந்த குருவிங்க மேலயே கடுப்பு வந்துரும்.

பாயறதுக்கு முன்னாடி நாயே காட்டிக் கொடுத்துரும், அத கவனிக்கிறதுலதான் எல்லாமே இருக்கு. நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்கிட்டு இருந்தது டக்குனு வாய மூடும், காது முன்னால வரும், முன்னங்கால் ஒண்ணு அப்படியே அந்தரத்துல நிக்கும், கண்ணு அசையாது. வாலாட்டுதே, வெளையாட்டுக்குத்தான்னு நெனைக்காதீங்க, வாலாட்டிக்கிட்டே கவ்வுற நாயும் உண்டு. அப்படி வெறிச்சுப் பாக்க ஆரம்பிக்கிறப்பவே பேர சொல்லி கூப்பிடணும், திரும்புச்சா உடனே வேகவச்ச கோழி ஈரல் ஒரு துண்டு. திரும்பலையா, தூரம் பத்தலன்னு அர்த்தம், இன்னும் பின்னாடி கூட்டிட்டுப் போங்க. நாங்க பெல்ட்டும் கயிறும் போட்டு தெரு கேட்டுல இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் கிட்ட கொண்டாந்தோம், இப்ப குருவி கத்துனா கருப்பன் கூண்ட விட்டுட்டு என் கையத்தான் பாக்குறான், அத பாக்குறப்ப மனசுக்கு அவ்ளோ நிறைவா இருக்கு.

குருவி பக்கமும் யோசிங்க. கூண்டு தரையில இருந்து நாய் சுத்திச் சுத்தி மோந்துட்டே இருந்தா, அது தொடவே இல்லனாலும் பயத்துல எரை எடுக்காது, எறக்கைய அடிச்சு கம்பியில மோதிக்கும். சுவத்தோரமா, நம்ம நெஞ்சு உயரத்துக்கு, இடிச்சாலும் சாயாத மாதிரி வைங்க. எவ்ளோ பழகியிருந்தாலும் ரெண்டையும் தனியா விட்டுட்டுப் போகாதீங்க, நான் பால் வாங்க முக்கு கடைக்குப் போனாக்கூட நடுக்கதவ சாத்திட்டுத்தான் போவேன். பச்சைக்கிளி வளக்கலாமான்னும் கேக்குறாங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்மூரு கிளிய வீட்ல வளக்கவே கூடாது.

குருவி மேல எங்கயாவது நாயோட பல்லு பட்டுருச்சுன்னா, ரத்தம் தெரியலன்னாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. நாய் வாயில இருக்குற கிருமி சின்ன கீறல் வழியா உள்ள போனாலே குருவிக்கு உயிர் போற விஷயம், அதுவும் பறவைங்க நோவ வெளிய காட்டாது, காட்டுறப்ப முத்திப் போயிருக்கும். மாடு பாக்குற டாக்டர் எல்லாருக்கும் பறவை பாத்துப் பழக்கம் இருக்காது, தர்மபுரியிலயோ ஓசூர்லயோ யாரு பாக்குறாங்கன்னு இப்பவே விசாரிச்சு நம்பர போன்ல போட்டு வச்சுக்கங்க.