லைஃப் போட்டுக்குள் கால் வைக்கவே இரண்டு நாள்

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் எண்ணெய் வயலான மும்பை ஹையில் ஒரு பிளாட்பாரம். இரண்டு லைஃப் போட் இன்ஜின்களுக்கு வருடாந்திர சர்வீஸ். ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டர், இண்டக்‌ஷன், பெர்மிட் எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. அப்புறம் இரண்டு நாள் மெஸ்ஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வருடாந்திர வேலைக்குச் சான்றிதழ் பெற்ற ஆள்தான் வரவேண்டும் என்று கப்பல்களுக்கு 2020 ஜனவரியில் வந்த விதியை இங்கேயும் கேட்கிறார்கள். என் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்கள். சான்றிதழ் இல்லாமல் போனது போட்டைத் தாங்கும் கம்பிக் கயிற்றுக்கு!

பிளாட்பாரத்தில் போட் இரண்டு கொக்கிகளில் கடலுக்கு மேல் அப்படியே தொங்கும். இன்ஜின் மூடியைத் திறக்கக் குனிந்தால் முழங்கைக்குப் பக்கத்திலேயே கொக்கிகளைக் கழற்றிவிடும் ரிலீஸ் லீவர். அதனால் ஆள் ஏறும் முன் முன்னும் பின்னும் பெண்டன்ட் என்கிற தனி கம்பிக் கயிறு மாட்டி, போட்டின் எடையை அதில் ஏற்ற வேண்டும். பெட்டியில் பெண்டன்ட் இருந்தது. ஆனால் சோதித்ததற்கு அடையாளமாக அந்த ஆறு மாதத்துக்கு அடிக்க வேண்டிய நிறம் பச்சை, இதில் அடித்திருந்தது மஞ்சள். டெஸ்ட் சான்றிதழ் கரையில் இருக்கிறதாம். "வெறும் ஆயில் மாற்றுகிற வேலைதானே" என்று சேஃப்டி ஆபீசரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நீங்களே உள்ளே உட்காரப் போகிறீர்கள், நீங்களே கேட்கிறீர்களா?" என்றார். எரிச்சலாக இருந்தது, பதிலும் இல்லை. கிளம்பும் முன்பே பெண்டன்ட் சான்றிதழின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சப்ளை போட்டில் புது பெண்டன்ட் வந்தது. ஆயில், ஃபில்டர், பெல்ட் ஒரு மணி நேர வேலை. டீசல் டேங்கின் அடியைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர். வாரம் மூன்று நிமிடம் ஓடும் இன்ஜின் எவ்வளவு டீசல் குடிக்கும்? டேங்கில் கிடப்பது போன வருடத்து டீசலாகக்கூட இருக்கலாம். வடிகட்டிப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. லாக் புத்தகத்தில் வாராவாரம் "ஸ்டார்ட் ஓகே" என்று கையெழுத்து. செலக்டர் சுவிட்ச் இரண்டு பேட்டரியையும் சேர்த்து வைத்த நிலையிலேயே இருந்தது. ஒன்றாம் பேட்டரியில் மட்டும் வைத்தேன், பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு பேட்டரி வைப்பதே ஒன்று போனால் மற்றது தனியாக ஸ்டார்ட் செய்வதற்கு. இங்கே நல்லது செத்ததை முதுகில் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் ஓகே வாங்கியிருக்கிறது. சார்ஜர் பிளக் மாட்டித்தான் இருந்தது. கழற்றினால் பிளக்கின் பின்களில் பச்சைப் பாசி மாதிரி உப்பு. போட்டுக்கு வரும் வயரில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்ட்டே இல்லை.

எலக்ட்ரீஷியன் தூத்துக்குடிக்காரர். "அண்ணே, பேனல்ல லைட் எரியுதே" என்றார். எரியும், பேனல் வரைக்கும் கரண்ட் வருகிறதே.

புது பிளக், ஸ்டோரில் நல்லவேளையாக ஒரு பேட்டரி. இரண்டாவதில் மட்டும் வைத்து சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. கியர் முன்னும் பின்னும் விழுகிறதா என்று மட்டும் பார்த்து நியூட்ரலுக்கு வந்துவிட்டேன். தண்ணீருக்கு வெளியே ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டால் பேரிங் காய்ந்துவிடும்.

லாக்கில் "பேட்டரி 1 தனியாக, பேட்டரி 2 தனியாக" என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அடுத்த போட்டுக்குப் பெர்மிட் போடப் போனேன். அங்கே பெண்டன்ட் மஞ்சளா பச்சையா என்றுதான் முதலில் பார்த்தேன்.