முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்: சிட்னியில் மூன்று பள்ளத்தாக்குச் சுற்று

எங்கள் கும்பகோணம் பக்கம் ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது. அந்தத் தரையில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன் நான். 42 வயதில் சிட்னியின் வடபகுதிப் புறநகர்ச் சாலைகளில் சாலை சைக்கிளோடு இறங்கியபோது, கால் வலுவாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை பட்ட பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த வழியை இங்குள்ள சைக்கிள்காரர்கள் ‘திரீ கார்ஜஸ்’ என்கிறார்கள். கால்ஸ்டன் கார்ஜ், பெரௌரா வாட்டர்ஸ், பாபின் ஹெட் என்று மூன்று பள்ளங்கள். ஹார்ன்ஸ்பி ரயில் நிலையத்தில் தொடங்கி டுரமுரா நிலையத்தில் முடித்தால் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் 900, 1,000 மீட்டர் வரும். ரயிலில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால், ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொள்ளலாம்.

கடற்கரை நகரத்தில் இவ்வளவு ஏற்றம் எப்படி வந்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நகரின் வடக்கே இருப்பது தனித்தனி மலைகள் அல்ல, மணற்கல்லாலான ஒரு மேட்டு நிலம். ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். ஓடைகள் அதை ஆழமாக அறுத்திருக்கின்றன. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது, அறுந்த அந்தப் பள்ளங்களுக்குள் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டது. அதனால் பெரௌராவிலும் பாபின் ஹெட்டிலும் கீழே போனால் ஓடையில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். ரயில் பாதை, நெடுஞ்சாலை, வீடுகள் எல்லாம் மேட்டின் முதுகில். பள்ளம் முழுக்கக் காடு.

இதில்தான் சிக்கலே. கொடைக்கானலுக்குப் போனால் முதலில் ஏறுவோம், முடியவில்லை என்றால் திரும்பி உருண்டு வந்துவிடலாம். இங்கே தலைகீழ். புறப்பட்டதும் பத்து நிமிடம் காற்று முகத்தில் அடிக்க இறங்குகிறோம். கீழே போன பிறகுதான் கணக்குத் தீர்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான்.

மார்ச்சில் பாபின் ஹெட் ஒன்றை மட்டும் முயன்றேன். டுரமுராவிலிருந்து குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழையும் சாலை. காருக்கு வாயிலில் கட்டணம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. இறக்கம் சொர்க்கம். அடியில் படகுத்துறை, பக்கத்தில் அலையாத்தி மரங்கள். முத்துப்பேட்டையில் பார்த்த அதே சேறு, அதே மூச்சுவேர்கள். அதைப் பார்த்து உருகி நின்றுவிட்டு, அதே உற்சாகத்தில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஆரம்பித்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டவில்லை, இதயத் துடிப்பு 178. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். சுமார் 4 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு 36 நிமிடம் ஆனது. என் மகளின் வயதுப் பெண் ஒருத்தி கடந்து போகும்போது “ஆல்மோஸ்ட் தேர்!” (கிட்டத்தட்ட வந்தாச்சு) என்றாள். பாதிகூட வந்திருக்கவில்லை.

ரயில் மேடையில் ஓர் ஈழத்து அண்ணன் பழக்கமானார். அறுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், டியூசன், கடை எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போனவர். அவர் ஊரும் எங்கள் ஊரைப்போலத் தட்டையான பூமிதான், ஆனாலும் மனிதர் ஆடு மாதிரி ஏறுகிறார். என் கதையைக் கேட்டுவிட்டு, “கதைக்க ஏலாட்டி நீர் கூட வேகமாப் போறீர் தம்பி. கதைச்சுக்கொண்டு ஏறும்” என்றார். பிறகு என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். “இதை வச்சுக்கொண்டோ ஏறினனீர்?”

என் சைக்கிளில் முன்னால் சின்ன பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதற்கு 28 பல். வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சக்கரம் ஒருமுறை உருண்டால் 2.1 மீட்டர். இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினாலே மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். சாய்வு 7 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயர்வு என்றால், 82 கிலோ நானும் 10 கிலோ சைக்கிளும் அந்த வேகத்தில் போக 160 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு சக்தியை என்னால் பத்து நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும். அதற்கும் மெதுவாகப் போனால் ஒவ்வொரு மிதியும் கல்லுரலை ஆட்டுவது போல. முட்டிதான் அடி வாங்கும். பின்னால் 34 பல் போட்டால் முன்னும் பின்னும் சமம். ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 60 மிதிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம்தான்.

சரி, பல்சக்கரத்தை மட்டும் வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று ஆன்லைனில் வாங்கினேன். மாட்டியும் பார்த்தேன். பின்னால் செயினை மாற்றிப் போடும் டீரெய்லரின் மேல் உருளை, பெரிய சக்கரத்தின் பற்களில் போய் உரசியது. என்னுடையது குட்டைக் கை டீரெய்லர். அவ்வளவு பெரிய பல்லுக்கு அது செய்யப்பட்டதே இல்லை. நீளக் கை உள்ளது ஒன்று வாங்கி, கூடவே நீளமான புதுச் செயினும் வாங்கினேன். பல்சக்கரத்தின் விலையைப்போல் மூன்று மடங்கு செலவு. வீட்டில் இதைப் பற்றி இன்னும் முழுக்கணக்கு சொல்லவில்லை.

ஜூன் மாதம் கால்ஸ்டன். இது மற்ற இரண்டைவிடச் சிறியது, ஆனால் எனக்குப் பயம் காட்டியது இதுதான். குறுகலான சாலை, கொண்டை ஊசி வளைவுகள், அடியில் 1890களில் கட்டிய, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மரப்பாலம். 7.5 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு இங்கே தடை, வளைவில் திரும்ப முடியாது. பின்னால் கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது, சாலையின் வேக வரம்பு 60 கிலோமீட்டர் வரை என்றால் 1 மீட்டர், அதற்கு மேல் என்றால் 1.5 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் சைக்கிளைத் தாண்ட வேண்டும் என்ற இந்த மாநிலத்துச் சட்டம் மனப்பாடமாகத் தெரிந்தும் முதுகு கூசுகிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் அடிக்குப் போய்விடுவது நல்லது.

இறங்கும்போது ஒரு தவறு செய்தேன். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தேன். முதல் நாள் காற்றில் யூகலிப்டஸ் பட்டை நாடா நாடாவாக உரிந்து சாலையில் கிடந்தது. பின்சக்கரம் அதன் மேல் ஒரு அடி வழுக்கியது. விழவில்லை, ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது பாலம் வரை நிற்கவில்லை. இப்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, பார்வையை வளைவின் முடிவில் வைத்துப் போகிறேன். சொல்லச் சுலபம். கண் என்னவோ இன்னும் பக்கத்துப் பாறையைத்தான் பார்க்கிறது.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு முழுச் சுற்று, அண்ணனோடு. இங்கே வசந்தம், ஆகவே மேக்பை பறவைகள் கூடு காக்கும் காலம். கூட்டுப் பக்கம் சைக்கிளில் போனால் பின்னாலிருந்து பாய்ந்து ஹெல்மெட்டில் கொத்தும். அவற்றைப் பயமுறுத்த ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கேபிள் நாடாக்களை முள்ளாக நட்டுக்கொள்கிறார்கள். நானும் நட்டேன், பலாப்பழம் மாதிரி ஆனது தலை. ஆர்கேடியாவில் ஒரு பறவை அதைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. அன்றைய என் அதிகபட்ச வேகம் பதிவானது அங்கேதான், அதுவும் சமதளத்தில்.

பெரிலி வழியாக இறங்கினால் பெரௌரா வாட்டர்ஸ். இங்கே பாலம் இல்லை. கம்பி வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் ஃபெரி இருக்கிறது, கட்டணம் கிடையாது. இந்தச் சுற்றில் உட்கார இடம் கொடுக்கும் ஒரே சாலை அதுதான். கடலை மிட்டாயை எடுத்தேன். சிட்னியின் துங்காபிப் பகுதியில் நம்மவர் கடையில் வாங்கியது. கடித்து முடிப்பதற்குள் மறுகரை வந்துவிட்டது. வாயில் பாதியோடு ஏற ஆரம்பித்து, மூச்சு வாங்கும்போது ஒரு துணுக்கு தொண்டைக்குள் போய் இருமல் பிடித்துக்கொண்டது. ஏற்றத்துக்குக் கடலை மிட்டாய் ஆகாது. பேரீச்சம்பழம் பரவாயில்லை, மெல்லாமலே கரைகிறது.

அந்த இருமலில் காலை ஊன்றிவிட்டேன். மேலே பெரௌரா ஹைட்ஸ் வந்த பிறகும் அதுவே மனதில் உறுத்தியது. போதாக்குறைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பின் டயர் பஞ்சர். கண்ணாடிச் சில்லு. ட்யூப் மாற்ற எனக்கு 20 நிமிடம். அண்ணன் உதவவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். “பழகும்” என்பதோடு சரி.

மவுண்ட் கோலாவில் திரும்பி மறுபடி பாபின் ஹெட் இறக்கம். மார்ச்சில் நான் தள்ளிக்கொண்டு போன அதே ஏற்றம், இம்முறை 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் களைத்த காலோடு. முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள், விட்டேன். நிமிடத்துக்கு 70 மிதி, துடிப்பு 155க்குள். அண்ணன் தன் மகளின் வீட்டுக் கடன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார், நானும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வட்டி விகிதம் பற்றி நான் ஏதோ வாதாடிக்கொண்டிருக்கும்போதே பூங்கா வாயில் வந்துவிட்டது. 27 நிமிடம். கால் தரையில் படவில்லை.

பெரௌராவில் ஊன்றிய கால் மட்டும் கணக்கில் நிற்கிறது. அடுத்த மாதம் எதிர்த்திசையில் போகலாம் என்று இருக்கிறோம். அப்படிப் போனால் ஃபெரிக்கு அப்புறம் மேற்குக் கரை ஏற்றம். அந்தப் பக்கம் எப்படி இருக்கும் அண்ணே என்று டுரமுரா மேடையில் கேட்டேன்.

“ஃபெரியில நிண்டு நிமிர்ந்து பாரும், தெரியும்” என்றார்.