வீட்டு லைபீரிக்கா: காயவைத்ததும் வறுத்ததும்

மலேசியாவின் குளுவாங் பக்கம் எங்கே பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் லயத்து வீட்டுப் பின்புறத்தில் கோப்பி மரம் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியம்மா வீட்டில் இருப்பது லைபீரிக்கா வகைக் கோப்பி மரம். அதில் பறித்த பழத்தில் பாதியைத் தோலோடு வெயிலில் போட்டேன். மீதியைத் தோல் உரித்து, ஒரு நாள் ஊறவிட்டு, வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். ஒரே மரம், ஒரே பறிப்பு.

தோலோடு போட்டது லேசில் காயாது. லைபீரிக்காவின் தோலும் சதையும் அராபிக்கா வகைக் கோப்பியைவிடத் தடிமன். மதியம் வானம் இருட்டினால் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வறுவலுக்கு இரும்புக் குவாலி (வாணலி), சிறு தீ, ஓயாத கிண்டல். கொட்டைகள் ஒரே அளவில் இருக்காது. பெரியதையும் சிறியதையும் பிரித்து வறுத்தால்தான் நிறம் ஒன்றாக வரும். 200 டிகிரியை நெருங்கும்போது கொட்டை படபடவென வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் இறக்கிவிட்டேன். வாயு போக ஒரு நாள் விட்டு அரைத்தேன்.

கழுவியது நாக்கில் சுத்தமாக, லேசான புளிப்போடு இருந்தது. தோலோடு காய்ந்ததில் பழுத்த பலாவின் வாசனை! சதையின் இனிப்போடு சேர்ந்து மெதுவாகப் புளித்துக் காய்வதால் வரும் வாசனை அது. எனக்கு இதுதான் பிடித்தது.

அப்புறம் இரண்டிலும் கொஞ்சம் எடுத்து, கடைப் பக்குவத்தில் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தேன். எது எந்தக் கொட்டை என்று எனக்கே தெரியவில்லை. பால் சேர்க்காத கடைக் கோப்பியான கோப்பி ஓவில் நாம் குடிப்பது பாதிக்கு மேல் கருகிய சீனியின் ருசிதான். மாமாவோ, “இதுதான்டா கோப்பி, மத்ததெல்லாம் கஷாயம்” என்றார்.

எத்தியோப்பியாவில் தோன்றிய அராபிக்காவுக்கு மலைக்குளிர் வேண்டும். அங்கே பழம் நிதானமாகப் பழுப்பதால் புளிப்பும் மணமும் கூடும். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரிக்கா தாழ்நிலச் சூட்டைத் தாங்கும். இலங்கையில் 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கிருந்த அராபிக்காவை அழித்த பிறகு, துரைமார்கள் இதன் பக்கம் திரும்பினார்கள், மலாயாவிலும் நட்டார்கள். 1890களில் கோப்பி விலை சரிந்ததும் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. நம்மவர்கள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பதற்கு முன்பே கரும்பிலும் கோப்பியிலும் உழைத்தவர்கள் என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை.

அடுத்த பறிப்பில் தோலை மட்டும் நீக்கி, வழவழப்போடு காயவைக்கப் போகிறேன். எறும்புக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.